கொல்லை மண்ணில் நீரையும் சத்தையும் தங்கவைப்பது எப்படி?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் மழைக்குக் குறைவில்லை. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடங்களே மிகுதி. அப்படியிருந்தும், வீட்டுக் கொல்லையில் நட்ட கத்தரியும் வெண்டையும் வெளிறி நிற்பதைப் பார்க்கிறோம். மழை மிகுதியாகப் பெய்வதே இதற்கு ஒரு காரணம். செடிக்குச் சத்தாகும் நைட்ரேட்டும் (நைட்ரஜனின் ஒரு வடிவம்) பொட்டாசியமும் நீரில் எளிதில் கரைந்து, நீர் போகும் வழியே போய்விடுகின்றன. நெடுங்காலமாக வெயிலும் மழையும் அரித்த நம் செம்மண், புளிப்புத்தன்மை மிகுந்தது; சத்தைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸை இறுகப் பற்றிக்கொள்வதால், மண்ணில் இருக்கும் பாஸ்பரசும் வேருக்கு எட்டாமல் போகிறது.

இத்தகைய மண்ணில்தான் வானுயர்ந்த காடும் நிற்கிறது. காட்டின் சத்தில் கணிசமான பகுதி மண்ணில் இல்லை, மரங்களிலேயே இருக்கிறது. உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கியதும், மேல்மண்ணில் பரவியுள்ள வேர்களும் அவற்றோடு கூடிவாழும் பூஞ்சைகளும் சத்தை உடனே எடுத்துக்கொள்கின்றன. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாகி மீண்டும் மேகமாகிறது. கொல்லையில் நாம் செய்ய வேண்டியதும் இந்தச் சுழற்சி அறுந்துபோகும் இடங்களைக் கண்டு அடைப்பதுதான்.

முதலில், அடுத்த மழையின்போது கொல்லைப்புறத்தில் நின்று நீர் எவ்வழியே ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஆகவே 30 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரே மாலையில் 600 லிட்டர் இறங்குகிறது. அந்த நீர் வெறுந்தரையில் பாய்ந்து லோங்காங்கை (வடிகாலை) பழுப்பு நிறத்தில் அடைந்தால், உங்கள் மேல்மண் போகிறது என்று பொருள். சரிவுக்குக் குறுக்கே ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, அதைக் காய்ந்த இலையால் நிரப்புங்கள். ஓடும் நீர் அங்கே நின்று மண்ணில் இறங்கும். ஒரு நாளைக்குள் நீர் வடியாவிட்டால் வாய்க்காலின் ஆழத்தைக் குறையுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஒரு வாரம் அளவே போதும் என்பதால், மழைநீர்ப் பீப்பாய் வைத்திருப்பவர்களும் அதன் வாயை நுண்வலையால் இறுகக் கட்ட வேண்டும்.

அடுத்தது மூடாக்கு, அதாவது மண்ணை இலைதழையால் போர்த்துவது. செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கி வைப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பழைய அடுக்கு ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், அடியில் வெண்ணிறப் பூஞ்சை இழைகளும் மண்புழுக் கழிவும் தென்படும். செம்பனையின் மெல்லிய வேர்கள் மட்கும் மட்டைக்குள்ளேயே ஏறியிருக்கும். அந்த மட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவை அந்த மரங்களின் உணவு. நம் கொல்லையிலேயே வாழை இலை, முருங்கைக் கொழுந்து, வெட்டிய புல் ஆகியவை தாராளமாகக் கிடைக்கும். அவற்றை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, செடியின் தண்டைத் தொடாமல் விலக்கி வையுங்கள்.

இலைச்சருகைக் கொளுத்துவதை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, எரிக்கும்போது சருகிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது; சாம்பலில் மிஞ்சும் பொட்டாசியமும் பெருமழையில் கரைந்தோடுகிறது.

சமையலறைக் கழிவுக்கு ஒரு குழியோ தொட்டியோ போதும். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை ஆகியவை ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகு இரண்டு அல்லது மூன்று பங்கு சேருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறுகிறது. சருகைக் கூட்டினால் அடங்கும். மேலே ஒரு தகரமோ தார்ப்பாயோ போட்டு மூடுவது மிக முக்கியம். திறந்து கிடக்கும் உரக்குழியில் மழை இறங்கினால், செடிக்குச் சேர வேண்டிய பொட்டாசியம் குழிக்கடியில் வடிந்துவிடும்.

நைட்ரஜனைக் காற்றிலிருந்தே பெறவும் வழி உண்டு. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும், செடிகளால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. பயறு வகைகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அதைச் செடிக்கேற்ற வடிவாக்கித் தருகிறது. தோட்டங்களில் இளஞ்செம்பனைக்கு நடுவே கொடிப்பயறு படரவிடுவது இதற்காகத்தான். கொல்லையில் பயத்தங்காய் போடுங்கள். பூக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது; வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. காய்த்து முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடித்தண்டை அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். கொடியை மூடாக்காகப் போடுங்கள்.

கடையில் வாங்கிய உரம் இட வேண்டியிருந்தால், ஒரே முறையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பல தவணைகளில் இடுங்கள். மேற்குக் கரையோரத்தில் பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை கடுமையாக இருக்கும் என்பதால், வானம் கறுத்திருக்கும் நாளைத் தவிர்த்துவிட்டு, ஈரமான மண்ணில் மூடாக்கை விலக்கி உரமிட்டு, மீண்டும் மூடிவிடுங்கள்.