எஞ்சின் விட்டுவிட்டு மிஸ் அடிக்கிறதா? பிழைக் குறியீட்டை அழிக்கும் முன் இதைப் பாருங்கள்

எப்போதும் மிஸ் அடிக்கும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறும், எஞ்சினைச் சரிபார்ப்பது சுலபம். என்றோ ஒரு நாள் குலுங்கி, வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோன அன்று மட்டும் சமர்த்தாக ஓடும் வண்டிதான் காசைக் கரைக்கும். பிளக்கை மாற்றிப் பார்க்கலாம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றிப் பார்க்கலாம் என்று போனால் சில நூறு வெள்ளி கைவிட்டுப் போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்னுடையது சிங்கப்பூரில் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், டர்போ கிடையாது. ஒரு முறை பி0300, பி0171 என்ற பிழைக் குறியீடுகள் சேர்ந்து வந்தன. பிறகு பி0172 வந்தது. கடைசியில் பிடிபட்டது பர்ஜ் வால்வு என்ற ஒரு சின்னப் பாகம். அதைப் பிடிக்க உதவிய வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அந்தச் செலவுக்கு முன் மற்றதெல்லாம் சில்லறை.

1. ஸ்கேனர்

வலது முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் பொதுவாக ஓபிடி2 சாக்கெட் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். புளூடூத் டாங்கிள் ஒன்று போதும். ஆனால் ஆக மலிவான, இஎல்எம்327 சிப்பின் நகல் போட்ட டாங்கிள்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குறியீட்டை ஒழுங்காகப் படிக்கும், ஓடும்போது வரும் அளவுகளை மட்டும் பாதியில் தவறவிடும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அந்த அளவுகள்தான் உயிர். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஓபிடிலிங்க் போன்ற ஒன்றை வாங்குங்கள். செயலியில் என் தேர்வு கார் ஸ்கேனர். ஐஃபோன்காரர்கள் ஐஃபோனுக்கு ஏற்ற டாங்கிளா என்று பார்த்து வாங்க வேண்டும், பழைய வகை புளூடூத் டாங்கிள்கள் பொதுவாக அதில் வேலை செய்யாது. வண்டியை நிறுத்தியதும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள், நாள்கணக்கில் செருகியே இருந்தால் பேட்டரி இறங்கும்.

ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக வந்த பழைய கார்கள் சிலவற்றில் எல்லா அளவுகளும் கிடைக்காது. கிடைப்பதை வைத்துப் பாருங்கள்.

2. அழிக்காதீர்கள், படியுங்கள்

பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை, மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0171 லீன், அதாவது பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம். பி0172 ரிச், அதற்கு நேர்மாறு. இவ்வளவோடு நிறுத்திவிட்டு 'கிளியர்' பட்டனை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அழுத்தியவுடன் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும்.

ஃப்ரீஸ் ஃபிரேம் என்பது குறியீடு பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு: ஆர்பிஎம், வேகம், லோடு (எஞ்சின் சுமக்கும் பளு), கூலன்ட் சூடு, ஃபியூவல் டிரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம், சதவீதத்தில்). இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் 90 டிகிரி, வேகம் 0, ஆர்பிஎம் 650 என்று இருந்தால் சிக்னலில் நிற்கும்போது வந்த கோளாறு. லோடு 80 சதவீதம் என்றிருந்தால் பிஐஇ விரைவுச்சாலையில் ஏறும்போது வந்தது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. விளக்கு எரியாத நாளிலும் 'பெண்டிங்' குறியீடுகளைப் பாருங்கள். பல கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும்.

கூடவே கைப்பட ஒரு குறிப்பு வையுங்கள்: மழையா, குளிர்ந்த ஸ்டார்ட்டா, பெட்ரோல் போட்ட பிறகா. எந்த ஸ்கேனரும் சொல்லாத விஷயம் இது. என் வண்டியில் விடை இங்கேதான் ஒளிந்திருந்தது.

3. ஃபியூவல் டிரிம்

ஷார்ட் டிரிம் (அந்த நேரத் திருத்தம்), லாங் டிரிம் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10-க்குள், கூட்டலோ கழித்தலோ, இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ வேக்கம் கசிகிறது, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள்.

ஒரு பொறி உண்டு. காயில் கோளாறால் மிஸ் ஆனாலும் எரியாமல் போன ஆக்சிஜன் புகைக்குழாய்க்குப் போகும். அங்குள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து 'லீன்' என்று சொல்லும். அதனால் பி0171 வந்தாலே பெட்ரோல் பக்கம்தான் பிரச்சினை என்று முடிவு கட்டக்கூடாது.

வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். எனவே காணொளிகளில் வருவது போல் கார்பார்க்கில் அரை மணி நேரம் ஐடிலில் விட்டுப் பார்க்கும் முறை நமக்கு ஒத்துவராது. கிளம்பும் முன் செயலியில் பதிவை ஓடவிடுங்கள். சிக்னலில் நிற்கும் நேரமே ஐடில் அளவுக்குப் போதும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பாருங்கள், ஓட்டும்போது கைப்பேசியைத் தொட வேண்டாம்.

4. காயில்

ஒரே சிலிண்டர் என்றால் மட்டும் இது. எஞ்சின் ஆறிய பிறகு, 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, 1-ன் காயிலை 3-க்கும் 3-ன் காயிலை 1-க்கும் மாற்றுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக், அதன்பின் இன்ஜெக்டர். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி பல வருஷச் சூட்டில் மொரமொரவென்று ஆகியிருக்கும், பலமாக இழுக்க வேண்டாம். மழை நாளில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியில் காயிலின் ரப்பர் பூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாக ஒழுகுகிறது.

5. பர்ஜ் வால்வு

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் கரி நிரம்பிய கேனிஸ்டர் ஒன்று பிடித்துவைக்கிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை உள்ளே விடுகிறது. மின்சாரம் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும். மூடாமல் கசிந்தால் என்ன ஆகும்? டேங்க் நிரப்பிய சூட்டில் ஆவி ஏராளமாக வரும், எஞ்சின் ரிச் ஆகும், ஸ்டார்ட் செய்ய மக்கர் பண்ணும். சில நாள் கழித்துக் கேனிஸ்டர் காலியானதும் அதே கசிவு வழியாக வெறும் காற்று வரும், இப்போது லீன். ஒரே பாகம், எதிரெதிரான இரண்டு குறியீடுகள்.

சோதனைக்கு எஞ்சின் ஓட வேண்டாம். ஃபார்மசியில் கிடைக்கும் ஊசியில்லாத 50 மி.லி. சிரிஞ்சு போதும். கனெக்டரைக் கழற்றி, வால்வின் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் பாகம்) பக்கக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்து விடுங்கள். வால்வு மூடியிருந்தால் பிஸ்டன் சட்டென்று உள்ளே ஓடிவிடும். கசிந்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள், உள்ளே பெட்ரோல் ஆவி.

என் வண்டியில் ஆறிய வால்வு ஒழுங்காகவே மூடியது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூடு தணியும் முன் சோதித்தபோதுதான் பிஸ்டன் அசையாமல் நின்றது. ஆகவே இந்தச் சோதனையைச் சூட்டில் செய்யுங்கள். கையுறை அவசியம்.

வால்வைக் கழற்றியதும் வெள்ளை டிஷ்யூ மேல் தட்டுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள்கள் விழுந்தால் கேனிஸ்டரின் கரி உடைந்து வந்திருக்கிறது. வால்வை மட்டும் மாற்றினால் அதே துகள் புது வால்விலும் சிக்கும், கேனிஸ்டரையும் பார்த்தாக வேண்டும்.

கரி ஏன் உடைகிறது? பெரும்பாலும் டேங்க்கை அளவுக்கு மேல் நிரப்புவதால். உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாக மலேசியாவுக்குப் போக 1991 முதல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும். மீதிக் கால் டேங்க்குக்கு ஜொகூரில் 97 ஆக்டேன் பெட்ரோல் போடும்போதுதான் வண்டியைக் குலுக்கிக் குலுக்கிக் கழுத்துவரை நிரப்புகிறார்கள். வழிகிற பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் இறங்குகிறது. நாசில் 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். கூடுதலாக ஏறும் ஒரு லிட்டரில் மிச்சமாகும் காசு ஒரு கேனிஸ்டருக்கு உறைபோடக் காணாது.

6. மாற்றிய பிறகு

இப்போது குறியீடுகளை அழியுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டிலிருந்து நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, பெண்டிங் பட்டியலைப் பாருங்கள். லாங் டிரிம் உடனே சீராகாது, எஞ்சின் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். வாகனப் பரிசோதனைக்கு முந்தின நாள் குறியீட்டை அழித்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். மிஸ் அடிக்கும் எஞ்சின் புகைச் சோதனையிலேயே மாட்டும்.

பிற்சேர்க்கை: ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் சிலர், சிக்னலில் எஞ்சினே நின்றுவிடுகிறதே, ஐடில் டிரிம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தார்கள். பேட்டரி இறங்கியிருக்கும் நேரத்தில் எஞ்சின் தானாக ஓடும். பதிவில் வேகம் 0, ஆர்பிஎம் 0-க்கு மேல் என்றிருக்கும் பகுதிகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பி0087 (ஃபியூவல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், அழுத்தம் குறைவு) வந்தால் பெட்ரோல் குழாய் எதையும் நீங்களாகத் தளர்த்தாதீர்கள். அந்த ரெயிலில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும், பீறிடும் பெட்ரோல் தோலைக் கிழித்து உள்ளே போகும். ஃப்ரீஸ் ஃபிரேம் படத்தோடு நேராக வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.