ஃப்ரிட்ஜில் வைத்தும் விதை முளைக்கவில்லையா?

பல்லாண்டுப் பூச்செடிகளில் சிலவற்றின் விதைகள், ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும். மில்க்வீட், டெல்ஃபினியம், பியோனி எல்லாம் இந்த ரகம். இதைக் கேள்விப்பட்டதும் பலர் செய்வது, விதைப் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் போட்டு வைப்பது. ஒரு மாதம் கழித்து விதைத்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றதும் விதையைக் குறை சொல்வார்கள். பாவம், விதை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

காய்ந்த விதைக்குக் குளிர் கொடுத்தால் அது கெடாமல் இருக்கும், அவ்வளவுதான். முளைக்காமல் அடங்கிக் கிடக்கும் அதன் உறக்கம் கலைய வேண்டுமானால் அது முதலில் ஊறியிருக்க வேண்டும். ஈரம் உள்ளே போன பிறகுதான், முளைப்பைத் தடுத்து வைக்கும் அப்சிசிக் அமிலம் குளிரில் மெல்லக் குறைந்து, முளைக்கத் தூண்டும் ஜிப்பரெல்லினின் கை ஓங்கும். எல்லாத் தவறுகளிலும் விதையைக் காய்ந்தபடியே குளிரில் வைப்பதைத்தான் பெரியது என்பேன். இதைத் திருத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்காகத் தண்ணீரில் மிதக்கவும் விடக்கூடாது. காற்று இல்லாமல் விதை அழுகிவிடும். மணலையோ, ஈரத்தைப் பிடித்து வைக்கும் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளையோ நனைத்து, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் விதையைக் கலந்து ஜிப் கவரில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் விதையைக் கழுவிப் புது மணலுக்கு மாற்றுங்கள். வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்த்தால் நாள் கணக்கு பார்க்காமல் அப்போதே விதைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். ஊறிய விதைக்குள் நீர் உறைந்தால் செல்கள் கிழிந்துபோகும். 1 முதல் 5 டிகிரி செல்சியஸ் போதும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு சரியான இடம். பழங்களுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயு முளைப்பைப் பாதிக்கலாம்.

எல்லா விதைக்கும் ஒரே கணக்கு என்று நினைப்பதும் தவறு. மில்க்வீடுக்குக் குறைந்தது 4 வாரம் கொடுங்கள். வேறு சிலவற்றுக்கு 12 வாரம்கூட ஆகும். அப்புறம், வெளியே எடுத்த கையோடு கடும் வெயிலில் வைத்தால் சில விதைகள் திரும்பவும் உறங்கிவிடும். அக்விலேஜியா என்ற பூச்செடியின் விதைக்கு வெளிச்சம் தேவை, அதனால் மண் போட்டு மூடாமல் மேலாக அழுத்திவிட்டாலே போதும்.

பியோனி விஷயத்தில் ரொம்பவே பொறுமை வேண்டும். அதற்கு முதலில் சில மாதம் இதமான சூடு, பிறகுதான் குளிர். சூட்டில் வேர் மட்டும் இறங்கும். குளிருக்குப் பிறகே தண்டு மேலே வரும். மண்ணுக்கு மேல் எதுவும் தெரியவில்லை என்று பலர் தொட்டியைக் கொட்டுவது, கீழே வேர் பிடித்திருக்கும் இந்தச் சமயத்தில்தான். விதைத்த தேதியைத் தொட்டியில் எழுதி வைத்து, இரண்டாவது வசந்தம் வரைக்கும் அதை அப்படியே விட்டுவையுங்கள்.