அம்மாவின் கட்டிலருகே: செபத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோன காலத்தில் வீட்டில் செபத்துக்குக் குறைவே இல்லை. விடியச் செபமாலை. மத்தியானம், சபைக்குப் போகிற சித்தி வந்து ஜெபம். இரவில் கனடாவில் இருக்கிற தம்பி வாட்ஸ்அப்பில் வருவான். ஆனால் மூன்று மாதமாக ஒருவரும் அம்மாவிடம் "என்னத்துக்காகச் செபிக்க வேணும்?" என்று கேட்கவில்லை. கேட்ட அன்று அவ சொன்னது இதுதான்: "இந்தக் கடி நிக்கவேணும். ஒரு இரவெண்டாலும் நித்திரை கொள்ளவேணும்."

முதுகு முழுக்க நகக்கீறல். சிறுநீரக வருத்தக்காரருக்கு இப்படித் தோல் கடிப்பது வழக்கமாம். நாங்கள் அற்புத சுகம் கேட்டுக்கொண்டிருந்தோம், அவ கேட்டது நித்திரை. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னோம், அதற்கும் மருந்து இருந்தது. வருத்தக்காரரின் வாயைக் கேட்காமல் அவருடைய தலைக்கு மேலால் செபிப்பதைத்தான் நான் முதல் பிழை என்பேன்.

அடுத்தது பாவம் தேடுவது. பார்க்க வந்த ஒருவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "குடும்பத்தில ஏதும் சாபம் கிடக்கோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் பாவம் செய்தானா, பெற்றவர்களா?" என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9). யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தவரைக்கும் நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வினை.

"விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு?" என்பது மிக ஆபத்தான பேச்சு. பைபிளில் வருகிற எசேக்கியா அரசன் சாகக் கிடந்தபோது அழுது மன்றாடினான், 15 வருட ஆயுள் கூடக் கிடைத்தது. ஆனாலும் எசாயா இறைவாக்கினர் அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னார். அதுவும் வைத்தியம்தானே? எங்கள் ஊரிலும் அப்படித்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன், மானிப்பாயில் வருத்தக்காரரைப் பார்த்ததோடு நிற்காமல் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். குளிசையை நிற்பாட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும், டொக்டரைக் கேட்காமல் நிற்பாட்டாதீர்கள்.

சுகம் வராவிட்டால் "விசுவாசம் போதாது" என்று சொல்வதும் அதே வகைதான். பவுல் எத்தனையோ பேரைக் குணமாக்கியவர். ஆனால் கூட வந்த துரோப்பீமை மிலேத்துவில் வருத்தத்தோடு விட்டுவிட்டுப் போனதாக அவரே எழுதுகிறார். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை.

கத்தோலிக்க வீடுகளில் இன்னொன்று: சுவாமியாரைக் கூப்பிடப் பயப்படுவது. "அவஸ்தைப் பூசுதல்" (சாகக் கிடப்பவருக்குச் சுவாமியார் எண்ணெய் பூசிச் செபிப்பது) என்ற பழைய பெயர் இன்னும் மனதில் கிடக்கிறது, அவர் வந்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். இப்போது அது நோயில்பூசுதல். 1972இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அதன் முறையைத் திருத்தினார். கடும் வருத்தம் வந்தவுடனேயே கேட்கலாம், நிலைமை மோசமானால் திரும்பவும் பெறலாம். யாக்கோபின் கடிதம் எண்ணெய் பூசச் சொல்வது நோயாளிக்கு, பிணத்துக்கு அல்ல. நாங்களோ அம்மா பயப்படுவா என்று சுவாமியாரைக் கூப்பிடாமல் தள்ளிப்போட்டோம். கடைசியில் அவவே, "சுவாமியார் ஏன் இன்னும் வரேல்லை?" என்று கேட்டா.

வாட்டில் சத்தம் போட்டு ஜெபிப்பதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பக்கத்துக் கட்டிலில் திருநீறு பூசிக்கொண்டு படுத்திருக்கிற ஆச்சியும் வருத்தக்காரர்தான்.

கடைசியாக ஒன்று, இதை நான் மிகவும் பிந்தித்தான் கண்டேன். நோயாளி என்றால் செபத்தை வாங்குகிற ஆள் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஓர் இரவு தம்பி போனில் உடைந்துபோய், "எனக்குச் செபமே வரேல்லை, கோபம்தான் வருது" என்றான். நான் அவனுக்கு 88ஆம் திருப்பாடலைச் சொல்ல நினைத்தேன், முடிவு வரைக்கும் இருட்டாகவே இருக்கிற செபம் அது. அதற்குள் அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினா.

"வராட்டி விடு தம்பி. நீ சும்மா இரு, நான் உனக்காகச் சொல்லுறன்" என்றுவிட்டு, மூச்சு வாங்க வாங்க "அருள்நிறைந்த மரியே" தொடங்கினா.