வலி மாத்திரை: சேர்க்கும்போதும் நிறுத்தும்போதும் நாம் செய்யும் தவறுகள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒருவருடைய மருந்துப் பெட்டியில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். எலும்பு மருத்துவர் எழுதியது ஒன்று, அதற்கு முன்னால் குடும்ப மருத்துவர் எழுதியதில் மிச்சம், பல் பிடுங்கியபோது கொடுத்ததில் நாலு மாத்திரை, "எனக்கு இதுதான் கேட்டுச்சு" என்று தெரிந்தவர் தந்த அட்டை ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல மருந்துகள். ஒன்றோடு ஒன்று சேரும்போதுதான் பெரும்பாலான விபரீதங்கள் நடக்கின்றன. மீதி விபரீதங்கள், எதையோ கேள்விப்பட்டுப் பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தும்போது நடக்கின்றன.

வலியோடு வாழ்கிறவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கைக்கு எட்டுகிற மாத்திரையை எடுப்பதைத் தவிர வேறு என்ன தோன்றும்? எங்கே சறுக்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் கை கொஞ்சம் யோசிக்கும்.

ஒரே மருந்து, நாலு பெயர்

பாராசிட்டமால் சாதுவான மருந்து என்று பெயர் வாங்கியது. அளவுக்குள் இருக்கும்வரை அது உண்மைதான். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. எடை குறைந்தவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். எவ்வளவு என்பதை அவர்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வேண்டுமென்றே எட்டைத் தாண்டுபவர்கள் குறைவு. மூட்டு வலிக்கான கூட்டு மாத்திரையில் பாராசிட்டமால் இருக்கும். தசைப்பிடிப்பு மாத்திரையில் இருக்கும். டிராமடால் கலந்த மாத்திரைகள் பலவற்றில் இருக்கும். நடுவில் சளி பிடித்தால் வாங்குவதிலும் இருக்கும். அட்டையின் முன்பக்கம் நாலு வெவ்வேறு பெயர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரே பெயர்.

கல்லீரல் பாராசிட்டமாலைச் சிதைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சுப் பொருளாக மாறுகிறது. குளூட்டதையோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறினால் குளூட்டதையோன் கையிருப்பு தீர்ந்துபோகும். அதன்பின் நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். இதில் மோசமானது, முதல் நாள் ஒன்றுமே தெரியாது. லேசான குமட்டல் இருக்கலாம், அவ்வளவுதான். பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே கணக்கு தவறிவிட்டது என்று தெரிந்தால், "ஏதாவது பண்ணினா பார்த்துக்கலாம்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"வயிற்றுக்கு ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டால் போதும்"

டிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் ஆகியவை ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை இவை தடுக்கின்றன. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை விரிந்த நிலையில் வைத்திருக்கிறது. முழங்காலில் மட்டும் தடுத்துவிட்டு மற்ற இடங்களை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இரைப்பைக்கு நல்ல பாதுகாப்பு தரும். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ அது எதுவும் செய்யாது. "ஊசியாகப் போட்டுக்கிட்டா வயிறு புண்ணாகாது" என்ற நம்பிக்கையும் தவறு. மருந்து எந்த வழியாகப் போனாலும் ரத்தத்தில் கலந்துதான் இரைப்பைக்கு வருகிறது. புண் வந்தால் வயிறு வலிக்கும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ரத்தக்கசிவில் தொடங்குபவர்கள் உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ அது அவசரம்.

என் அம்மாவின் முழங்கால் வலிக்கு நாங்கள் செய்த தவறு சிறுநீரகத்தில் வந்து நின்றது. அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை இருந்தது, அதோடு நீர் போவதற்கான மாத்திரையும். மூட்டுக்கு எழுதிய வலி மாத்திரை பத்து நாளுக்குத்தான். கேட்டதே என்று நாங்களாகவே இரண்டு மாதம் தொடர்ந்தோம். கணுக்கால் வீங்கிய பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. நிறுத்திய சில வாரங்களில் இறங்கியது, அதிர்ஷ்டம்தான். இந்த மூன்று வகையும் சேர்வதன் ஆபத்து மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: ராமிப்ரில், லோசார்ட்டன் போன்ற அழுத்த மருந்து, நீர் மாத்திரை, இந்தக் குடும்பத்து வலி மாத்திரை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் என்று உடம்பில் நீர் குறையும் நாளில் ஆபத்து இன்னும் கூடும். வலி மாத்திரை எழுதியவருக்கு மற்ற இரண்டும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதயம் பற்றிய பாடம் உலகத்துக்கே 2004இல் கிடைத்தது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று 1999இல் வந்த ரோஃபிகாக்சிப் மருந்தை, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்ததும் அதன் தயாரிப்பாளரே உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார். அதன் பிறகு இந்தக் குடும்பம் முழுக்கவே கவனிக்கப்பட்டது. ஆஸ்பிரினைத் தவிர்த்த மற்ற மருந்துகளால் வரும் இதய ஆபத்து சில வாரங்களுக்குள்ளேயே தொடங்கலாம், டோஸ் கூடினால் அதுவும் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. குறைந்த டோஸ், குறைந்த நாள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இந்தக் குடும்பத்தில் இரண்டை ஒன்றாகப் போட்டால் வலி கூடுதலாகக் குறைவதில்லை, புண் வரும் வாய்ப்புதான் கூடுகிறது. முழங்கால், விரல் மூட்டு மாதிரி தோலுக்குப் பக்கத்திலுள்ள வலிக்கு இதே மருந்தின் களிம்பு போதுமா என்று கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் கலக்கும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு.

"எனக்கு மனநோயா?"

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், காபாபென்டின், ப்ரீகாபலின் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து என்று வரும். என் வலியை டாக்டர் நம்பவில்லை என்று மனம் நொந்து, தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிச் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறும்போது, மூளையிலிருந்து அதை அடக்கும் செய்தியும் கீழே இறங்குகிறது. முதல் இரண்டு மருந்துகளும் அந்த அடக்கும் செய்திக்கு வலுவூட்டுகின்றன. மற்ற இரண்டும் அதிகமாகத் துடிக்கும் நரம்பைத் தணிக்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்காகத் தரும் அளவு, மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பொதுவாகவே குறைவு.

இவை வலிக்கும்போது மட்டும் போடுகிற மருந்துகளும் அல்ல. தினமும் போட்டு, சில வாரம் பொறுத்துத்தான் பலன் பார்க்க முடியும். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், ப்ரீகாபலின் என்றால் கால் வீக்கமும் எடை கூடுவதும் வரலாம். காபாபென்டினும் ப்ரீகாபலினும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டோஸைக் குறைத்தாக வேண்டும்.

இரண்டு பக்கத்துப் பயமும்

மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில், கோடீன், டிராமடால். ஓபியாய்டு என்ற இந்த வலி மருந்து வகையில் உலகம் இரண்டு முறை தவறு செய்திருக்கிறது.

1980இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இந்த மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வர்தான் அடிமையானதாகப் பதிவு என்றது. மருத்துவமனைக் கட்டிலில் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றிய தகவல் அது. வீட்டில் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கும் அதுவே சான்று என்று பின்னால் பலரும் எடுத்துக் காட்டினார்கள். 1996இல் ஆக்சிகோடோன் அடங்கிய ஆக்சிகான்டின் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று தவறாக விளம்பரப்படுத்தியதாக அதை விற்ற பர்டியூ குழும நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏராளமான குடும்பங்கள் ஆட்களை இழந்திருந்தன.

பிறகு எதிர்ப்பக்கம். 2016இல் அமெரிக்காவில் ஓபியாய்டு எழுதுவதற்கு எச்சரிக்கையான வழிகாட்டுதல் வந்தது. அதைச் சிலர் கத்தி மாதிரிப் பயன்படுத்தினார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்களுக்குச் சட்டென்று மருந்தை வெட்டினார்கள். தாங்க முடியாத உடல் வேதனையும் தற்கொலை எண்ணமும் வருவதாகப் புகார்கள் குவிந்து, 2019இல் திடீரென நிறுத்தக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. 2022இல் வழிகாட்டுதலையும் திருத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம், அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பதே தாங்கும்படி இருக்கும் என்றது அது.

மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்வதுதான் இதன் வேர் என்று நினைக்கிறேன். அதே டோஸ் முன்புபோல் கேட்காமல் போவது உடல் பழகுவது. நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவது உடல் சார்ந்திருப்பது. இந்த இரண்டும் சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் வரும், அதில் அவமானம் எதுவும் இல்லை. கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் விட முடியாமல், வலிக்காக இல்லாமல் மருந்துக்காகவே ஏங்குவது அடிமையாதல். இதற்குச் சிகிச்சை உண்டு, திட்டு சிகிச்சையாகாது.

புற்றுநோயின் கடைசி நாட்களில் துடிப்பவருக்கு "பழகிப்போயிடும்" என்று மார்ஃபினை மறுப்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அங்கே அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை. முதுகுவலி, மூட்டுத் தேய்மானத்தில் கணக்கு வேறு. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் மூட்டு வலி உள்ள 240 பேரில் பாதிப் பேருக்கு ஓபியாய்டும் மீதிப் பேருக்கு மற்ற வலி மருந்துகளும் ஒரு வருடம் கொடுத்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் ஓபியாய்டு எந்த விதத்திலும் மேலாக இல்லை. பக்கவிளைவு அதிகமாக இருந்தது.

இங்கும் கூட்டல்தான் உயிரை எடுக்கிறது. ஓபியாய்டு மூச்சை மெதுவாக்கும். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளும் மதுவும் அதே மூச்சை இன்னும் கீழே இழுக்கும். ப்ரீகாபலின் வகையும் அப்படியே. எழுப்பினால் எழாதது, குறட்டை போன்ற கனத்த சத்தம், ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு: இதில் எது தெரிந்தாலும் தூங்கட்டும் என்று விடக் கூடாது. அவசர உதவியை அழைத்து, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்து உண்டு. நீண்ட காலம் ஓபியாய்டு எடுப்பவர் வீட்டில் அது இருக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய டோஸிலேயே திரும்பத் தொடங்குவதும் இதே ஆபத்துதான். பழக்கம் விட்ட உடம்புக்கு அது பெரிய அளவு.

டிராமடாலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். "லேசானது" என்ற பெயரில் அது கைமாறுகிறது. வலிப்பைத் தூண்டக்கூடியது, மனச்சோர்வுக்கான பல மருந்துகளோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அதை வாங்கும் முன் மற்ற மருந்துப் பட்டியலை நீட்டுங்கள்.

மலச்சிக்கல் நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மற்ற பக்கவிளைவுகளுக்கு உடல் பழகும், குடல் அவ்வளவாகப் பழகாது. முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்து வேண்டும்.

சின்னதாகத் தெரிபவை

நீடித்து வேலை செய்யும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ விழுங்கினால், பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஃபென்டனில் பேட்ச் ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து வேகமாக ஊறும். மூன்று நாள் கழித்து எடுத்த பேட்ச்சிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவு மிச்சம் இருக்கலாம். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, மருந்தகம் சொல்லும் முறையில் உடனே அகற்றுங்கள்.

தலைவலிக்காரர்கள் நாட்களை எண்ண வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், கூட்டு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை, ஓபியாய்டு என்றால் 10 நாள். இந்த அளவு மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தலைவலி கூடுகிறதே என்று இன்னொன்று போடுவார்கள். சுழல் இப்படித்தான் இறுகுகிறது.

மூட்டு வலிக்கு "இயற்கைப் பொருள்" என்று விற்பதையும் உங்கள் மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்ற உணவுத் துணைப்பொருட்களில் டிக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறைந்திருந்ததை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டறிந்தது. ஸ்டீராய்டு நாள்பட உள்ளே போனால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதன்பின் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

டாக்டரிடம் எதைச் சொல்வது

"வலி போகல" என்று சொன்னால் டோஸ் ஏறும், அல்லது இன்னொரு மாத்திரை சேரும். நாள்பட்ட வலியில் சுழியம் என்ற இலக்கு பெரும்பாலும் கிடைப்பதில்லை; மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவர்கள் அதை நல்ல பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே என்ன செய்ய முடிகிறது என்று சொல்லுங்கள்: மாடிப்படி ஏற முடிகிறதா, எத்தனை மணி நேரம் தூக்கம், எவ்வளவு தூரம் நடை. மாத்திரை தருகிற அந்தக் கொஞ்ச நிம்மதியில்தான் உடற்பயிற்சியைத் தொடங்க முடியும். அந்த நேரத்தைப் படுத்தே கழித்துவிடுவதும் ஒரு தவறுதான், ஆனால் வலி பட்டவருக்கே தெரியும் அது எவ்வளவு கடினம் என்று.

அடுத்த முறை போகும்போது பெட்டியில் இருக்கும் அத்தனை அட்டைகளையும், கடையில் நீங்களே வாங்கியதையும், பொடி, லேகியம், தூக்க மாத்திரையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் மேசையில் பரப்புங்கள். மது அருந்தினால் மறைக்காமல் சொல்லுங்கள். புதிதாக ஒன்று எழுதினால், இதில் எதை நிறுத்த வேண்டும், எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.