லயத்தில் இளைஞர் குழு தொடங்கப் போகிறீர்களா? முதலில் நேரத்தைக் கேளுங்கள்

கேரளத்தில் வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பெண்களுக்காகவும் ஊர் ஒற்றுமைக்காகவும் ஒரு குழு தொடங்கலாமா என்று தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகத் தொடங்குங்கள். பெயர், பேனர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை முடிவு செய்யுங்கள்.

எங்கள் முதல் கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு வைத்தோம். பதினோரு பையன்கள் வந்தோம், பெண் ஒருத்தர்கூட இல்லை. எப்படி வருவார்கள்? கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த அக்காமார் அந்த நேரத்தில் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், நாங்கள் அவர்களைத் தாண்டித்தான் பெண்கள் முன்னேற்றம் பேசப் போனோம். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. மறுநாள் போய்க் கேட்டபோது ஒரு அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வை தம்பி, துணி துவைச்சு முடிச்சிருப்போம். ஆனா பிள்ளைய கூட்டிட்டுத்தான் வருவேன், அத யாராவது பாத்துக்கணும்." அன்றிலிருந்து கூட்டம் ஞாயிறு மூன்று மணிக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பையன்களில் இரண்டு பேர், முறை வைத்து. நீங்களும் இதைச் செய்யுங்கள், ஆள் வந்துவிடும்.

கூட்டத்தில் முதலில் பெண்கள் பேசட்டும், பையன்கள் நோட்டில் எழுதட்டும். மூணாறில் 2015 செப்டம்பரில் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது கொழுந்து எடுக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள், ஒன்பது நாள் போராடி 20 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர் வந்தது அப்போதுதான். எதைக் கேட்பது, எப்போது எழுந்திருப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். மைக் பிடிக்கும் ஆசை இருக்கும் பையன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதல் வேலை சின்னதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயம் வரைக்கும் தெருவிளக்கு, அல்லது தண்ணீர்க் குழாய். கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும், வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு பேர் வந்திருக்க வேண்டும், ஆகவே ஆள் சேர்த்துக்கொண்டு போனால் நம் பேச்சுக்கு எடை உண்டு. குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (கேரள அரசுத் திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழு) ஏற்கெனவே இருந்தால் அதற்குப் போட்டியாக நிற்காதீர்கள், அந்த அக்காமாரையும் சேச்சிமாரையும் பார்த்துப் பேசிச் சேர்ந்தே போங்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. இருந்தாலும் மலையாளி நண்பர் ஒருவரை உட்காரவைத்து மலையாளத்திலும் ஒரு பிரதி எழுதி வாங்குங்கள், அந்த ஒரு மணி நேரப் பழக்கம் வேறொரு நாளைக்கு உதவும்.

அது எந்த நாள் என்றால், முல்லைப் பெரியாறு பேச்சு கிளம்பும் நாள். 2011 டிசம்பரில் குமுளி, கம்பம் எல்லையில் எவ்வளவு பதற்றம் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போதும் மழை பிடித்து அணையில் நீர்மட்டம் ஏறினால் வாட்ஸ்அப்பில் வதந்தி ஏறிவிடுகிறது. மழைக்காலத்துக்கு முன்பே ஒரு போன் பட்டியல் போடுங்கள்: லயத்துக்கு ஒருவர், செக்போஸ்ட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு சேட்டன், கம்பத்து ஜீப் டிரைவர் ஒருவர். ஒரு தடவை "நம்ம ஆளுங்களோட வண்டிய உடைக்கிறாங்க" என்று ஒரு குரல் பதிவு வந்ததும் பையன்கள் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் டீக்கடை சேட்டனைக் கூப்பிட்டோம், அவர் கடை வாசலில் நின்று ரோட்டைப் படம் எடுத்து அனுப்பினார், மழையும் இரண்டு பஸ்ஸும் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைத்தான் எல்லா குரூப்பிலும் போட்டோம். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் அவர் போனையே எடுத்திருக்க மாட்டார்.

வீட்டுக்குள் அடி உதை என்று ஒரு பெண் உங்களிடம் வந்தால் கட்டப்பஞ்சாயத்து மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர் கூடி "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன், அதைவிடக் கொடுமை இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியிடம் போகலாம், பஞ்சாயத்தில் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான ஜாக்ரதா சமிதி இருக்கிறது. பெயரைக் குரூப்பில் போடக் கூடாது. அன்று ராத்திரி அவரும் பிள்ளைகளும் எந்த வீட்டில் படுப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள், அது எந்த வீடு என்று குழுவில் இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.