அந்தியூர் மாட்டுச் சந்தை பார்க்கப் போகிறீர்களா?

ஆடியில் போங்கள். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் கூடும் சந்தையைத்தான் சொல்கிறேன். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். புதன்கிழமை தேர், கூட்டம் தள்ளும். மாடு பார்க்க வேண்டுமானால் மறுநாள், வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். ஈரோட்டிலிருந்து பவானி வழியாக பஸ் உண்டு. கார் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு குதிரைப் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் அந்தியூரை ஒட்டிய பர்கூர் மலையின் மாடு கட்டியிருக்கும் பக்கம் வாருங்கள்: செம்மேனியில் வெள்ளைத் திட்டு, கூரான கொம்பு. மலைமாடு, புது ஆளைக் கண்டால் மிரளும், பின்னால் நிற்காதீர்கள். தரகர் கீழுதட்டை விலக்கிப் பல் பார்ப்பதைக் கவனியுங்கள். இரண்டு பல் என்றால் இளசு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்த மாடு, அதாவது முழு வளர்ச்சி அடைந்தது. விலை துண்டுக்கடியில் விரலால் பேசப்படும். அப்போது குறுக்கே போனால் முறைப்பார்கள், அதுவும் சரிதான். ‘என்ன விலைங்க?’ என்று சும்மா கேட்பதில் தப்பில்லை. கயிற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், கர்நாடக எல்லை வரை பர்கூர் மலை ஏறுவதாக இருந்தால், வழியெல்லாம் காடு, யானை நடமாட்டம் உண்டு. பைக்கில் போகிறவர்கள் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.