நாயைக் கண்டு நடுங்கும் குழந்தையைப் பழக்குவது எப்படி?

தெருமுனையில் நாயைக் கண்டதும் குழந்தை அலறுகிறது. நாம் உடனே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு வழியாகப் போகிறோம். விலகியவுடன் பதற்றம் அடங்குவதால், விலகி ஓடுவதே தீர்வு என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. உளவியலார் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பர். தெருநாயிடம் எச்சரிக்கை தேவைதான். வெறிநாய்க்கடி உயிரைப் பறிக்கும். நாம் போக்க வேண்டியது, சங்கிலியில் கட்டியிருக்கும் சாதுவான நாயைப் பார்த்தாலும் உடல் நடுங்கும் அந்த அச்சத்தைத்தான்.

முதலில் வீட்டுப் பேச்சைத் திருத்துங்கள். "சாப்பிடாவிட்டால் நாயிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லிச் சோறூட்டுவது, நாயையும் அச்சத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. 1920இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான வாட்சனும் ரேய்னரும், ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட குழந்தை வெள்ளை எலியைத் தொட்ட வேளைகளில் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து ஒலி எழுப்பினர். அதுவரை எலிக்கு அஞ்சாத குழந்தை, பின்பு எலியைக் கண்டாலே அழுதது. அந்த அச்சத்தை நீக்காமலேயே அவர்கள் விட்டுவிட்டார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

அதே உணவைக் கொண்டு முடிச்சை அவிழ்க்கவும் முடியும். 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விரும்பியதைச் சாப்பிடும்போது, கூண்டில் இருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் அருகே கொண்டுவந்தார். நீங்களும் தடுப்பூசி போட்ட, வயதான, அமைதியான நாய் இருக்கும் வீடொன்றைத் தேர்ந்தெடுங்கள். குழந்தை நாயைப் பார்த்தபடியே நிம்மதியாகத் தின்பண்டத்தைச் சாப்பிடக்கூடிய தொலைவு எதுவோ, அதுவே முதல் நாளின் இடம். மெல்வதை நிறுத்தி நாயையே வெறித்துப் பார்த்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பேசாமல் சில அடிகள் பின்வாங்குங்கள். அழுகை வரும்வரை காத்திருக்கக் கூடாது. "ஒன்றும் செய்யாது, தொடு" என்று கையைப் பிடித்து இழுப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை.

இதனோடு, நாயோடு பழகிய, ஏறக்குறைய ஒத்த வயதுப் பிள்ளை ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் வலுவான வழி இதுவே. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுராவும் உடனாய்வாளர்களும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்கு அஞ்சிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகள், அஞ்சாத ஒரு சிறுவன் நாயோடு படிப்படியாக நெருங்கி விளையாடுவதை, 4 நாள்களில் 8 அமர்வுகளாக, ஒவ்வொன்றும் 10 நிமிடம் மட்டுமே பார்த்தனர். அவ்வாறு பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட நாயை நெருங்குவதில் தெளிவாக முன்னேறினர். ஆகவே பழகிய பிள்ளை முதல் நாளே நாயைக் கட்டிப்பிடிக்க வேண்டாம். முதலில் பெயர் சொல்லி அழைக்கட்டும், பிறகு பிஸ்கட் போடட்டும், அதன்பின் முதுகைத் தடவட்டும். பின்னர் வேறு பிள்ளைகளையும் வேறு அளவுள்ள நாய்களையும் காட்டினால் பலன் கூடும்.

குழந்தை உங்களையும் கவனித்துக்கொண்டிருக்கும். உங்களுக்கே நாய் பயமென்றால், அஞ்சாத உறவினர் ஒருவரிடம் இப்பொறுப்பை விடுங்கள். பீட்டர் நோயுற்று மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது ஒரு பெரிய நாய் பாய்ந்து வர, உடனிருந்த செவிலியும் சேர்ந்து அஞ்சினார். அதற்குள் ஓரளவு தணிந்திருந்த முயல் அச்சம் திரும்பவும் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஜோன்ஸ் அதன்பிறகே உணவு முறையைத் தொடங்கினார். உங்கள் பிள்ளைக்கும் அப்படி நேர்ந்தால் கடிந்துகொள்ளாமல், மறுநாள் தின்பண்டத்தோடு முதல் நாளின் தொலைவுக்கே திரும்பிச் செல்லுங்கள்.